அழகே வேண்டாம், பேய் உருவம் கொடு எனக் கேட்ட இளம்பெண்: யார் இந்தக் காரைக்கால் அம்மையார்? இன்றைய டயட் அழுத்தத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

திருவள்ளூர் மாவட்டம் திருவாலங்காட்டில் பாடிய ஒரு பெண்ணின் கதை இது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். ஊரே பார்த்து வியந்த அழகு தனக்கு வேண்டாம் என்று உதறினார். அதற்குப் பதிலாக அவர் கேட்டது விலா எலும்பு தெரியும் பேய் உடம்பு. இன்று அதே எலும்பு தெரியும் உடம்புக்காகப் பல இளம்பெண்கள் சோற்றைத் தள்ளி வைக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதை அழகு என்று நினைத்துக் கேட்கிறார்கள். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நடந்தது? அம்மையாரின் வாழ்க்கையை விரிவாகப் பார்ப்போம்.

பாட்டி அல்ல, இளம்பெண்

காரைக்கால் அம்மையார் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நரைத்த தலையோடு ஒரு மூதாட்டி. அதுக்கு ஒரு காரணம் சினிமா. 1973-ல் ஏ.பி.நாகராஜன் இயக்கத்தில் வந்த காரைக்கால் அம்மையார் படத்தில் இளமைப் பருவத்தில் லட்சுமியும், பேய் உருவம் பெற்ற பிறகு கே.பி.சுந்தராம்பாளும் நடித்தார்கள். அந்தக் கம்பீரமான குரலும் உருவமும் அப்படியே மனதில் பதிந்துவிட்டது. அம்மையார் என்ற பெயரும் வயதானவர் என்றே நினைக்க வைக்கிறது.

ஆனால் கதையைக் கவனமாகப் படித்தால் கணக்கு வேறு. திருமணமாகி, கணவன் பிரிந்து போய், வேறு ஊரில் மறுமணம் செய்து, ஒரு குழந்தை பெற்ற சில ஆண்டுகளுக்குள் இந்த மாற்றம் நடக்கிறது. அந்தக் காலத் திருமண வயதை வைத்துப் பார்த்தால், பேய் உருவம் கேட்டபோது அவர் இளம்பெண்ணாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

எப்படித் தெரியும் இந்தக் கதை?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அம்மையார் வாழ்ந்தது ஏறக்குறைய 6-ம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. நமக்குத் தெரிந்த முழுக் கதையை எழுதியவர் சேக்கிழார். அவர் 12-ம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் பெரியபுராணம் பாடியவர். அதாவது, இடையில் சுமார் 600 ஆண்டுகள்.

அம்மையார் தானே எழுதியதும் நம் கையில் இருக்கிறது. அற்புதத் திருவந்தாதி 101 பாடல், திருவிரட்டை மணிமாலை 20 பாடல், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் இரண்டு, தலா 11 பாடல். மொத்தம் 143. இவை எல்லாம் பதினோராம் திருமுறையில் உள்ளன. இந்தப் பாடல்களில் கணவன் பெயர் இல்லை, மாம்பழம் இல்லை, புனிதவதி என்ற பெயரும் இல்லை. அவர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர் காரைக்கால் பேய். அவருக்குப் பின் வந்த சுந்தரரும் அடியார் பட்டியலில் அவரைப் பேயார் என்றே குறிப்பிடுகிறார்.

ஆக, வாழ்க்கைக் கதை சேக்கிழார் சொன்னது. பேய் என்ற அடையாளம் அவரே எடுத்துக்கொண்டது.

வணிகர் வீட்டுப் பெண்

காரைக்கால் கடற்கரை ஊர். கப்பல் வணிகம் செழித்த இடம். அங்கே தனதத்தன் என்ற பெரும் வணிகருக்கு மகளாகப் பிறந்தவர் புனிதவதி. சிறு வயதிலேயே சிவபக்தி. வளர வளர அழகும் வளர்ந்தது என்று சேக்கிழார் வர்ணிக்கிறார். பருவம் வந்ததும் வீட்டை விட்டு வெளியே அனுப்பவில்லை. பெண் கேட்டு வந்தார்கள்.

நாகப்பட்டினத்து வணிகர் நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு மணம் முடித்தார்கள். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, காரைக்காலிலேயே தனி வீடு அமைத்துக் கொடுத்தார். பொருளுக்குக் குறைவில்லை. கணவன் கடைக்குப் போவான், மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்வாள்.

இரண்டு மாம்பழம்

ஒருநாள் கடைக்கு வந்தவர்கள் கொடுத்த இரண்டு மாம்பழங்களைப் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறான். அந்த நேரத்தில் பசியோடு ஒரு சிவனடியார் வீட்டு வாசலுக்கு வருகிறார். சோறு வெந்துவிட்டது, கறி இன்னும் ஆகவில்லை. பசிச்சு வந்தவரைக் காத்திருக்கச் சொல்ல மனம் வரவில்லை. சோற்றோடு ஒரு மாம்பழத்தை வைத்துப் பரிமாறிவிடுகிறார் புனிதவதி.

மதியம் கணவன் சாப்பிட வந்ததும் மீதிப் பழத்தை வைக்கிறார். ருசி பிடித்துப்போய் அவன் இன்னொன்றையும் கேட்கிறான். என்ன சொல்வது என்று தெரியாமல் உள்ளே போய் இறைவனை வேண்ட, கையில் ஒரு பழம் வந்து சேர்கிறது. அதைச் சாப்பிட்ட கணவனுக்குச் சந்தேகம். முதல் பழத்தைவிட இதன் ருசி பல மடங்கு அதிகம், எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். உள்ளதைச் சொல்கிறார் புனிதவதி. நம்பாத கணவன், அப்படியென்றால் இன்னொன்று வரவழை என்கிறான். வந்தது. அவன் கையில் வாங்கியதும் மறைந்தது.

அவ்வளவுதான். பரமதத்தன் பயந்துவிட்டான். இவள் மனுஷி இல்லை, தெய்வம் என்று முடிவு செய்தான். அதன் பிறகு ஒரே வீட்டில் இருந்தும் விலகி வாழ்ந்தான். வணிகத்துக்குப் போவதாகக் கப்பல் ஏறியவன், திரும்பி வந்தது காரைக்காலுக்கு இல்லை, பாண்டிய நாட்டுத் துறைமுக ஊர் ஒன்றுக்கு. அங்கே வேறு பெண்ணை மணந்தான். பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான்.

பல்லக்கில் போனவர் பேயாகத் திரும்பினார்

விஷயம் உறவினர்களுக்குத் தெரிந்தது. பெண்ணைப் பல்லக்கில் ஏற்றிக் கணவன் இருக்கும் ஊருக்கே கொண்டு போனார்கள். பரமதத்தன் இரண்டாவது மனைவி, குழந்தையோடு வந்து அவர் காலில் விழுந்தான். பொண்டாட்டி காலில் புருஷன் விழுவதா என்று சுற்றமே திகைத்தது. இவர் மனிதப் பிறவி அல்ல, நீங்களும் வணங்குங்கள் என்பதே அவன் பதில்.

கதையின் மையம் இந்த இடம்தான். புனிதவதி அழவில்லை, சண்டை போடவில்லை. இறைவனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். இந்த அழகு உடம்பை இவனுக்காகத்தான் தாங்கி வந்தேன், இனி இந்தச் சதைச் சுமை எனக்கு எதற்கு, இதை எடுத்துக்கொண்டு சிவனைச் சூழ்ந்து நிற்கும் பேய்களின் உருவத்தைக் கொடு என்பது அவர் வேண்டுதலின் சாரம். உடலின் சதை உதிர்ந்து எலும்புருவம் ஆனார். சுற்றம் பயந்து கும்பிட்டுவிட்டு விலகிப் போனது.

பிறகு கயிலாயம் நோக்கிப் பயணம். இறைவன் இருக்கும் மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து போனதாகக் கதை. அங்கே சிவனே இவரை அம்மை என்று அழைத்தார் என்கிறது பெரியபுராணம். மீண்டும் பிறவாத வரம், பிறந்தால் மறவாத வரம், ஆடும்போது காலடியில் இருந்து பாடும் வரம் கேட்டார். அதற்காக அவர் அனுப்பப்பட்ட ஊர் திருவாலங்காடு.

திருவாலங்காடு எங்கே இருக்கிறது?

சென்னை சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் போகும் ரயிலில் திருவள்ளூரைத் தாண்டி வரும் நிறுத்தம் திருவாலங்காடு. வடாரண்யேஸ்வரர் கோவில் இங்கேதான். நடராஜரின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. காளியோடு போட்டி போட்டு சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடிய இடம் என்பது தலபுராணம். அம்மையார் தலையால் நடந்த மண் என்பதால் திருஞானசம்பந்தர் இங்கே கால் வைக்கத் தயங்கினார் என்றும் சொல்வார்கள்.

இந்த ஊர் சுடுகாட்டைத்தான் அம்மையார் பாடினார். மூத்த திருப்பதிகத்தில் அவர் காட்டும் பேய்ப்பெண் வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, நீண்ட கணைக்கால் கொண்டவள். தன்னைப் போன்ற ஓர் உடம்பைக் கூச்சமே இல்லாமல், தலை முதல் கால் வரை ஒரு பெண் விவரிப்பது அன்றைய தமிழுக்குப் புதிது. அந்தாதி வடிவில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய நூல்களில் ஒன்று இவருடையது. தேவாரம் பாடிய மூவருக்கும் முன்பே பண்ணோடு பதிகம் பாடியவர். ஆண்டாளுக்கும் மூத்தவர்.

சிற்பிகள் இவரை மறக்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனின் காலடியில் தாளம் போட்டபடி இருக்கிறார். கம்போடியாவின் பந்தியாய் ஸ்ரீ கோவிலில் உள்ள 10-ம் நூற்றாண்டுச் சிற்பத்தில் இருப்பதும் இவர்தான் எனக் கருதப்படுகிறது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இவருடைய வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. 63 நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, இவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். பெண் நாயன்மார் மூவரில் தன் பாடல்களை விட்டுச் சென்றவர் இவர் ஒருவரே.

சரி, இதுக்கும் டயட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு உருவங்களை மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒன்று, சோழர் காலத்து அம்மையார் சிலை. கழுத்தெலும்பு துருத்தி, விலா எலும்பு எண்ணிவிடலாம் போல. இன்னொன்று, போனில் ரீல்ஸ் தள்ளும்போது வரும் ஃபிட்னஸ் வீடியோ. அங்கேயும் கழுத்தெலும்பு, ஒட்டிய வயிறு, தொடைகளுக்கு நடுவே இடைவெளி.

அன்றைய சிற்பி அந்த உடம்பைச் செதுக்கியது, பார்ப்பவர் அழகு என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும் என்பதற்காக. இன்று அதுவே அழகின் அளவுகோல். மெல்லிடையைப் புகழ்வது தமிழில் பழைய வழக்கம்தான், மறுக்க முடியாது. ஆனால் எலும்பு தெரிவது பஞ்சத்தின் அடையாளம், நோயின் அடையாளம், இல்லாவிட்டால் பேயின் அடையாளம். கொஞ்சம் பூசினாப்ல இருந்தாதான் லட்சணம் என்று சொன்ன பாட்டிகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரே உடம்பு, காலத்துக்கு ஏற்ப பேயாகவும் அழகியாகவும் பார்க்கப்படுகிறது. ஆக, மாறியது உடம்பு இல்லை, பார்க்கும் கண்.

அந்தக் கண் எவ்வளவு வேகமாக மாறும்? பசிபிக் தீவான ஃபிஜியில் நடந்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அங்கே நட்ரோகா பகுதிக்கு 1995-ல்தான் டிவி வந்தது. நல்ல சதைப்பிடிப்பான உடம்பைப் பாராட்டிய ஊர் அது. அமெரிக்க ஆய்வாளர் ஆன் பெக்கர் பள்ளி மாணவிகளிடம் ஆய்வு செய்தார். எடை குறைக்க வாந்தி எடுக்கும் பழக்கம் 1995-ல் ஒருவரிடமும் இல்லை. மூன்றே ஆண்டில், 1998-ல், 11 சதவீதம் பேர் அப்படிச் செய்வதாகச் சொன்னார்கள். அப்போது வந்தது டிவி மட்டும்தான். இப்போது ஒவ்வொருவர் கையிலும் போன்.

2025-ல் கேரளாவில் 18 வயதுப் பெண் ஒருவர் உணவை மிகவும் குறைத்து, பெரும்பாலும் வெந்நீரை மட்டும் குடித்து வந்த நிலையில் உயிரிழந்தார். ஆன்லைன் வீடியோக்களைப் பார்த்து டயட் இருந்ததாகச் செய்திகள் வந்தன. அனோரெக்சியா நெர்வோசா எனும் உணவு மறுப்பு நோய் இருந்திருக்கலாம் என மருத்துவர்கள் கருதினார்கள். பசி இருந்தும் சாப்பிட மறுப்பது, எவ்வளவு மெலிந்தாலும் குண்டாக இருப்பதாகவே நினைப்பது இந்த நோயின் தன்மை.

அம்மையார் பட்டினி கிடந்தாரா?

இல்லை. இந்த வேறுபாடு முக்கியம். ஐரோப்பாவில் 14-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சியெனா கேத்தரின் என்ற துறவி, கல்யாணத்துக்கு வற்புறுத்திய குடும்பத்தை எதிர்த்துத் தலைமுடியை வெட்டிக்கொண்டார். சாப்பாட்டையும் படிப்படியாக நிறுத்தி 1380-ல், 33 வயதில் இறந்தார். அவரைப் போன்ற பெண் துறவிகளின் பட்டினியை இன்றைய உணவு மறுப்பு நோயோடு ஒப்பிட்டு வரலாற்று ஆய்வாளர் ரூடால்ஃப் பெல் 1985-ல் புத்தகமே எழுதினார்.

புனிதவதியின் கதை அப்படி இல்லை. அவர் சாப்பாட்டை வெறுத்ததாகப் பெரியபுராணத்தில் எங்கும் இல்லை. கதையே சோறு போடுவதில்தான் தொடங்குகிறது. அவர் உதறியது உணவை அல்ல. ஒருவன் பார்வைக்காகவே தன் உடம்பு இருக்கிறது என்ற ஏற்பாட்டை.

அந்த ஏற்பாடு இன்னும் போய்விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வரப்போறாங்க, அதுக்குள்ள அஞ்சு கிலோ குறைச்சிடு என்று சொல்லும் வீடுகள் உண்டு. ஒல்லியாக இருந்தால் ஒட்டடக்குச்சி, குண்டாக இருந்தால் பூசணிக்காய் என்று பட்டப்பெயர் வைத்துச் சிரிப்பது சினிமா காமெடியில் இருந்து வகுப்பறை வரை நடக்கிறது. வைப்பவர் அடுத்த நிமிஷம் மறந்துவிடுவார். கேட்ட பெண் அன்று ராத்திரி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

கும்மிடிப்பூண்டியில் இதன் விலை என்ன?

திருவாலங்காடு இருக்கும் அதே மாவட்டத்தின் இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடும் இளம்பெண்கள் இங்கே உண்டு. நேரமின்மையால் காலை உணவு தவறுவது வேறு, வெயிட் குறையணும் என்று வேண்டுமென்றே தவறவிடுவது வேறு. இரண்டும் சேர்ந்தால் உடம்பு தாங்காது. மணிக்கணக்கில் நின்று செய்யும் வேலையில் தலைசுற்றல், கவனச் சிதறல் என்றால், மெஷின் பக்கத்தில் அது விபத்துக்கான காரணம்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதே ஆய்வில், சுமார் 10-ல் 4 பெண்களுக்கு எடை அதிகம். அதாவது எடை குறைக்க வேண்டிய தேவை பலருக்கு நிஜமாகவே இருக்கிறது. ஆனால் எடை அதிகமாக இருப்பவருக்கும் ரத்தசோகை இருக்கலாம். ஏற்கெனவே இரும்புச்சத்து குறைந்த உடம்பில் ஜூஸ் டயட், வெந்நீர் டயட் என்று இறங்கினால் முதலில் பாதிக்கப்படுவது சக்திதான்.

தொடர்ந்து பட்டினி இருந்தால் உடம்பு செலவைக் குறைக்கத் தொடங்கும். மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு நின்றே போகலாம். முடி கொட்டும். எலும்பு உறுதி பெறும் வயதில் அது பலவீனமாகும். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது, ஏற்கெனவே சாப்பிட்டாச்சு என்று அடிக்கடி சொல்வது
• சாப்பிட்ட உடனே பாத்ரூம் போய் நீண்ட நேரம் இருப்பது
• ஒரு நாளில் பலமுறை எடை பார்ப்பது, கண்ணாடி முன் நின்று வருத்தப்படுவது
• மாதவிடாய் தள்ளிப்போவது, மயக்கம், எப்போதும் குளிர்வதாகச் சொல்வது

இவற்றில் சில சேர்ந்து தெரிந்தால் திட்டாதீங்க, கட்டாயப்படுத்தி ஊட்டாதீங்க. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மருத்துவரையும் மனநல ஆலோசகரையும் பார்க்கலாம். மனநல உதவிக்கு டெலி மானஸ் இலவச எண் 14416. தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. எடை குறைக்க வேண்டியிருந்தால், எவ்வளவு, எப்படி என்பதை மருத்துவரோ உணவியல் நிபுணரோ சொல்லட்டும்.

அம்மையார் இன்று எதற்கு?

அம்மையாரைப் போல அழகைத் துறந்துவிடுங்கள் என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. நல்லா உடுத்திக்கொள்ள ஆசைப்படுவதில் தப்பே இல்லை. யோசித்துப் பார்த்தால், அந்தக் கதை புனிதவதிக்குக் கொடுத்த வழிகள் இரண்டே இரண்டு. கணவனுக்கான அழகு உடம்பு, அல்லது எல்லாரும் பயந்து விலகும் பேய் உடம்பு. பசித்தால் சாப்பிட்டு, வேலை செய்து, பாட்டுப் பாடி, சாதாரணமாக ஒரு பெண் தன் உடம்போடு வாழும் மூன்றாவது வழி அவருக்குக் கிடைக்கவே இல்லை.

இன்றைய பெண்ணுக்கு அந்த வழி உண்டு. அது திறந்திருக்க வேண்டுமானால், யாருக்காக இந்த உடம்பு என்று 1,500 ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்ட கேள்வியை வீட்டில் இருப்பவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த முறை மகளோ தங்கச்சியோ சாப்பிட உட்காரும்போது, எடையைப் பற்றிப் பேசாமல் ஒரு கரண்டி சோறு போட்டுப் பாருங்க. பசியோடு வந்தவருக்கு முதலில் சோறு போட்டுவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொண்டவர்தான் அம்மையாரும்.